ஆமென் சொல்லும்வரை

என் மகனுக்கு ஓரிடத்தில் நிற்கத் தெரியாது. பள்ளிக்கூட வாசலில் என்னைக் கண்டதும் வீதியைப் பார்க்காமல் ஓடி வருவான். மற்றவர்கள் சிரிப்பார்கள். "நில்லடா" என்று நான் கத்துகிற கத்தலில் சில நாள் அழுதும் விடுவான். அந்தக் குரல் எங்கிருந்து வருகிறது என்று அவனுக்கு நான் இன்னும் சொல்லவில்லை.

நாங்கள் சண்டிலிப்பாய்ச் சைவக் குடும்பம். என்றாலும் ஆங்கிலம் நன்றாகப் படிப்பிப்பார்கள் என்று ஐயா என்னையும் தம்பியையும் யேசு சபைக் குருமாரின் பள்ளிக்கூடத்தில் சேர்த்திருந்தார். பெற்றோல் இல்லாத, ஹெலிகொப்டர் வந்து சுடுகிற யுத்தகாலம். தம்பியைச் சைக்கிள் பாரில் இருத்திக்கொண்டு நான் உழக்குவேன். அம்மா படலைவரை வந்து தினமும் ஒன்றையே சொல்லுவார்: "ஹெலி வந்தால் முதல் தம்பியின்ரை கையைப் பிடி. பிறகுதான் மற்றதெல்லாம்."

பள்ளிக்கூடத்திலும் ஒரு கட்டளை இருந்தது. நடுப்பகலில் மாதா கோயில் மணி அடித்தால், யார் எங்கே எப்படி இருந்தாலும் அப்படியே நிற்க வேண்டும். உதைத்த பந்து உருண்டுகொண்டே போகும்; உதைத்தவன் நிற்பான். பாதர் மூவேளைச் செபத்தை முடித்து உரத்து "ஆமென்" என்ற பிறகுதான் எல்லோருக்கும் உயிர் வரும். கத்தோலிக்கரான வேதக்காரப் பிள்ளைகள் அவரோடு சேர்ந்து செபிப்பார்கள். சைவப் பிள்ளைகளான எங்களுக்குச் செபம் தெரியாது. ஆனால் நிற்பதில் எங்களை யாரும் வெல்ல முடியாது. முதலாம் வகுப்புத் தம்பிக்கு அது உலகத்திலேயே சிறந்த விளையாட்டு. கண்ணை மூடி, மூச்சையும் பிடித்துக்கொள்வான்.

ஷெல் விழுந்து எங்கள் வகுப்பறைக் கூரை போயிருந்தது. அதனால் மைதான ஓரத்து வேப்பமரங்களின் கீழ் படித்தோம். செபம் சொல்கிற அந்தப் பாதர்தான் எங்களுக்குப் படிப்பித்தார்; மட்டக்களப்புக்காரர், பெருத்த உடம்பு. எல்லோரையும், மகனே என்பதற்கு, "மனே" என்று கூப்பிடுவார். அவர் அந்தப் பக்கம் திரும்பினால், பின்வரிசையிலிருந்து ஒருவன் "என்ன மனே" என்பான்.

அன்றும் வழக்கம்போல் சின்ன வகுப்பை முன்னதாகவே விட்டார்கள். தம்பி தண்ணீர்ப் போத்தலைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு, மைதானத்தைக் குறுக்கே கடந்து என்னிடம் வந்துகொண்டிருந்தான். சரியாக நடுவில் வரும்போது மணி அடித்தது. நின்றான்.

செபம் பாதியில் இருந்தபோது அந்தச் சத்தம் கேட்டது.

"டேய், ஹெலியடா," என்றான் பக்கத்தில் நின்றவன், உதடு அசையாமல்.

பனைகளுக்கு மேலாக, மிகத் தாழப் பதிவாக வந்தது. தம்பி வெள்ளைச் சட்டையோடு வெயிலில் தனியே நின்றான். நான் ஓடக் காலெடுத்தேன். பாதரின் கை என் சட்டைக் கொலரைப் பிடித்தது.

"பாதர், என்ரை தம்பி..."

"தெரியும். அவன் வடிவா நிக்கான். நீ ஓடிக் கெடுத்துப் போடாத, மனே."

செபத்தின் கடைசி வரி வந்தது. ஆமென் சொல்ல வேண்டிய இடத்தில் பாதர் மூச்செடுத்து, முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினார். நடு மைதானத்துக்குக் கேட்கும்படி கத்தினார். வேதக்காரப் பிள்ளைகள் தடுமாறினார்கள்.

"பாதருக்கு மறந்து போச்சு," என்று ஒருவன் குசுகுசுத்தான்.

ஹெலி வட்டமடித்தது. சந்திப் பக்கம் சுட்டது. வெற்றுத் தோட்டாக் கோதுகள் கோயில் ஓட்டில் கலகலவென்று விழுந்தன. பாதர் இன்னொரு முறை தொடங்கினார். என் கொலரைக் கையில் இன்னொரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, தம்பியிலிருந்து கண்ணை எடுக்காமல் கத்தினார். இந்த மனிதருக்கு என் தம்பியைவிடச் செபம் பெரிதா என்று அழுதழுது அவரை வெறுத்தேன்.

சத்தம் கடல் பக்கம் தேய்ந்து மறைந்த பிறகே ஆமென் வந்தது. தம்பி கண்ணைத் திறந்து ஓடி வந்தான்.

"அண்ணை, நான் ஆடவே இல்லை! பாத்தனியே?"

வீட்டில் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா கொதித்துப்போனார். "பிள்ளையோ செபமோ எண்டு உவரை நான் கேக்கிறன்." மறுநாள் ஐயாவின் சைக்கிளில் ஏறி வந்து, பாதரை மரத்தடியிலேயே பிடித்தார்.

"என்ரை பிள்ளை வெளியிலை நிக்க, நீங்கள் செபம் சொன்னனீங்களாம்?"

"ஓம் அம்மா. ஓடுற ஆளைத்தான் ஹெலிக்காரன் சுடுவான் எண்டு சொல்றாங்க. சரியோ பிழையோ தெரியல்ல. எனக்கு வேற ஒண்டும் தோணல்ல."

எனக்கு அது வெறும் சாட்டாகவே பட்டது. அம்மா அடுத்து என்ன கேட்பார் என்று ஆவலோடு பார்த்தேன். அவர் மைதானத்தின் நடுவைப் பார்த்தார். அங்கிருந்து மரம்வரை கண்ணாலேயே நடந்து வந்தார். "எவ்வளவு தூரம்," என்றார். அவ்வளவுதான். சண்டை பார்க்க நின்ற நான் ஏமாந்துபோனேன்.

அன்று பின்னேரம் அம்மா தம்பியை முற்றத்துக்குக் கூப்பிட்டார். தான் கை தட்டினால் நிற்க வேண்டும், தான் சொல்லும்வரை அசையக் கூடாது என்றார். தட்டினார். நெற்றி நிறையத் திருநீற்றோடு அம்மா "ஆமென்" என்றது எனக்குப் பெரிய பகிடி. தம்பிக்கும்தான். அடுத்த முறை அவர் கை தட்டியபோது, சிரிப்பை அடக்க முடியாமல் ஆடிவிட்டான். முதுகில் ஓர் அடி விழுந்தது. அடித்த கையாலேயே அவனை இழுத்து அணைத்துக்கொண்டு அம்மா அழுதார். பிறகு முகத்தைத் துடைத்துவிட்டு, "திருப்பி நில்லு," என்றார்.

விளையாட்டுக்கு யாராவது அடிப்பார்களா? அம்மாவுக்கு விளையாடவே தெரியவில்லை என்று நினைத்துக்கொண்டு, நான் சைக்கிளுக்குக் காற்றடிக்கப் போனேன்.