கண்மாய்க் கரையில் அண்ணன் கட்டிய பந்தயம்

அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கும் சொந்தபந்தங்களுக்கு அவரைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல என்ன இருக்கிறது? காதுகுத்தோ கல்யாணமோ, உங்கள் வீட்டு வாசலில் நின்று, "வாங்க, வாங்க, எல்லாரும் இருந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்று மைக்கில் கூப்பிட்டவர் அவர்தான். அடிவயிற்றிலிருந்து வரும் அந்தக் கனத்த குரலைத் தெரியாதவர் நம் பக்கத்தில் இல்லை. ஆனாலும் எழுதுகிறேன். எழுதாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருக்கிறது.

அறந்தாங்கிக்குத் தெற்கே கண்மாயை ஒட்டிய எங்கள் ஊரில் அண்ணன் பிறந்தார். அப்பா விவசாயத்தோடு, விசேஷ வீடுகளுக்கு மைக், ஒலிபெருக்கி என்று ரேடியோ செட்டும் வாடகைக்கு விட்டுவந்தார். பள்ளியில் படிக்கும்போது அண்ணனுக்கு மஞ்சள் காமாலை வந்து ஒரு வருடப் படிப்பு போனது. அதனால் அவரும் நானும் ஒரே வகுப்பு. "என்னடா, தங்கச்சியப் பாத்து எழுதுறியா?" என்று பையன்கள் கேலி செய்வார்கள். அண்ணன் சிரித்துக்கொண்டே போய்விடுவார். எனக்குத்தான் கோபம் பொத்துக்கொண்டு வரும். என் வாயைப் பற்றி உங்களுக்குத் தெரியாதா என்ன!

அலைகள் பாடம் நடந்த நாளில் வாத்தியார் போர்டில் ஒரு வரி எழுதினார். அதிர்வெண்ணையும் அலைநீளத்தையும் பெருக்கினால் அலையின் வேகம். அவ்வளவுதான். அண்ணன் அதைப் பிடித்துக்கொண்டு வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தார். அதிர்வெண் கூடினால் வேகமும் கூடத்தானே வேண்டும்? மெல்லிய கீச்சுச் சத்தத்துக்கு அதிர்வெண் அதிகம், கனத்த சத்தத்துக்குக் குறைவு. அப்படியானால் கீச்சுச் சத்தம்தான் முந்திக்கொண்டு காதுக்கு வர வேண்டும். இதுதான் அவர் கணக்கு.

"இல்லண்ணே, ரெண்டும் ஒண்ணாத்தான் வரும்" என்றேன். எனக்கும் முழுதாக விளங்கவில்லை. தோற்கக்கூடாது என்ற வீம்புதான்.

"பந்தயமா? நான் தோத்தா ஒரு மாசம் ஒன் பையைச் சேத்துத் தூக்கிட்டு வாரேன்."

அந்த வாரம் அய்யனார் கோயில் திருவிழா. மேளக்காரர்கள் முன்னால் அப்பா மைக்கை வைத்திருந்தார். நாங்கள் இருவரும் கண்மாய்க் கரையின் மறுகோடிக்கு ஓடினோம். கண்ணை மூடிக்கொண்டு கேட்டோம். தவிலின் 'தொம்' சத்தமும், தாளத்தின் 'கிண்' சத்தமும், கோயிலில் எப்படி ஒன்றாக விழுந்தனவோ அப்படியே அத்தனை தூரம் தாண்டியும் ஒன்றாகவே வந்து விழுந்தன. அண்ணன் இன்னும் கொஞ்ச தூரம் போகச் சொன்னார். போனோம். அங்கிட்டும் அதே கதைதான்.

தலையைச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தவர், திடீரென்று தொடையைத் தட்டினார். "அடியாத்தி! அப்பா எட்டி எட்டி வச்சு நடப்பாரு. நீ அவரு கையப் புடிச்சுக்கிட்டுக் குடுகுடுன்னு போவ. ஒனக்கு எட்டு அதிகம், ஆனா ஒவ்வொரு எட்டும் சின்னது. ரெண்டு பேரும் ஒண்ணாத்தானே கோயிலுக்குப் போய்ச் சேருவீங்க!" அதிர்வெண் கூடினால் அலைநீளம் அந்த அளவுக்குக் குறைந்துவிடும், பெருக்கினால் அதே வேகம்தான், அந்த வேகம் எவ்வளவு என்பது காற்றின் கையில் இருக்கிறது என்று எனக்கும் அன்றுதான் உறைத்தது. ஒரு மாதம் என் பையை அண்ணன்தான் சுமந்தார்.

அப்பாவுக்குப் பிறகு செட்டை அண்ணன் எடுத்து நடத்தினார். என்னை மீமிசலில் கட்டிக்கொடுத்தார். மதினி வந்தார். வெகுநாள் கழித்து ஒரு பெண் குழந்தை பிறந்தது. அவள் காதுகுத்துக்கு நாள் குறித்த சமயத்தில்தான் அண்ணனின் தொண்டையில் அந்தப் பாழாய்ப்போன நோய் வந்தது. ஊரார் பிள்ளைகளுக்கெல்லாம் மைக் பிடித்த மனிதர், தன் பிள்ளைக்கும் தானே பிடித்தார். குரல் நைந்து, மெலிந்து, கீச்சென்று வந்தது. பந்தலில் எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டோம்.

முடிந்ததும் என்னிடம் வந்தார். "பந்தல் கடைசி வரைக்கும் கேட்டுச்சாத்தா?"

"கேட்டுச்சுண்ணே."

"கொரலு மாறிப்போச்சு. ஆனா அதே வேகத்துலதான் வந்துருக்கும், என்ன?" என்று சிரித்தார்.

போன வருடம் இதே மாதம் சித்தப்பா போன் செய்தார். "அண்ணனுக்கு முடியலத்தா. ஒன்னயத்தான் கேக்குறான். வெரசா வா." பஸ்ஸில் வந்த வழியெல்லாம் ஒரே வேண்டுதல்தான். நான் போகும்வரை அந்த உயிர் இருக்க வேண்டும். ஒரு தடவை 'வாத்தா' என்று கூப்பிட வேண்டும்.

பஸ்ஸை விட்டு இறங்கிக் கண்மாய்க் கரையில் ஓடினேன். பாதிக் கரை தாண்டவில்லை. வீட்டுப் பக்கமிருந்து சத்தம் வந்தது. அம்மாவின் கனத்த ஓலமும், என் அண்ணன் மகளின் 'அப்பா' என்ற கீச்சுக் குரலும். எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. அந்தச் சத்தம்தான் சொன்னது. அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டேன்.

மருத்துவமனையில் அண்ணனைப் பெற்ற பிள்ளை போலப் பார்த்துக்கொண்ட செவிலியர்களுக்கும், சொந்த வேலையை விட்டுவிட்டு ஓடிவந்து நின்ற மற்ற ரேடியோ செட்டுக்காரர்களுக்கும், மதினிக்கும் பிள்ளைக்கும் இன்றுவரை துணையாக இருக்கும் உங்கள் அனைவருக்கும் கைகூப்பி நன்றி சொல்கிறோம். கரையில் கிடந்த என்னைத் தூக்கி, வீடுவரை கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்ட பெண் யாரென்று இன்னும் தெரியவில்லை. அவர் கையில் இந்த மலர் கிடைத்தால், அவருக்கும் நன்றி.

அண்ணே, அன்னைக்குப் பந்தயத்துல நான் தோத்திருக்கலாம், ரெண்டு சத்தமும் இப்படிச் சேந்து நெஞ்சுல விழுந்திருக்காது. அம்மா கொரலும் ஒம் பிள்ளை கொரலும் ஒண்ணாத்தாண்ணே வந்துச்சு.