எடுக்க முடியாத கட்டைவிரல்

மலாயாவில் கம்யூனிஸ்டுகளை வேட்டையாடிய அவசரகாலத்தில் நான் ரிங்லெட் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் கிராணி, அதாவது கணக்கெழுதும் குமாஸ்தா. நிறைமாத மனைவியை மறுநாள் தானா ராத்தா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். வழியில் என் கிழட்டுக் கார் மக்கர் செய்யக் கூடாதென்று, வீட்டு வாசலிலேயே ஆயில் மாற்ற இறங்கினேன்.

பழைய ஆயிலைப் பேசினில் வடித்து, பேசினை ஓரமாக இழுத்து வைத்தேன். கைவசமிருந்த ஒரே டின் புது ஆயிலை ஊற்றினேன். பாதி ஊற்றிய பிறகுதான், என்ஜினின் அடித்துளைக்குத் திருகாணி போடவில்லை என்பது உறைத்தது. காருக்கடியில் பாய்ந்து துளையைக் கட்டைவிரலால் அடைத்தேன். திருகாணியோ எட்டாத தூரத்தில், பேசினுக்குள் மூழ்கிக் கிடந்தது. பக்கத்தில் நின்ற மனைவியால் குனிய முடியாது.

அப்போது பூட்ஸ் கால்கள் வந்து நின்றன. ரோந்துப் போலீஸ்!

"யார்ரா கீழே? ரெண்டு கையையும் வெளிய நீட்டு!"

"ஒரு கைதான் சார் முடியும். இன்னொண்ண எடுத்தா ஆயில் போயிரும் லா!"

துப்பாக்கி சொடுக்கும் சத்தம் கேட்டது. உயிர் போனாலும் விரலை எடுப்பதில்லை என்று கிடந்தேன்.

"சுட்டுறாதீங்கண்ணே! அவரு கம்யூனிஸ்டு இல்ல, வெறும் மடையன்தான்" என்று மனைவி கத்தினாள். "ஆயில் ஓட்டைய மூட மறந்துட்டாரு. திருகாணி அந்தப் பேசின்ல கெடக்கு. நாளைக்கு நான் ஆஸ்பத்திரிக்குப் போவணும்."

போலீஸ்காரர் அவள் வயிற்றைப் பார்த்திருக்க வேண்டும். துப்பாக்கியைத் தன்னுடன் வந்தவரிடம் கொடுத்துவிட்டு, கஞ்சி போட்ட காக்கிச் சட்டையோடு கறுப்பு ஆயிலில் கைவிட்டுத் துழாவினார். பிறகு மண்ணில் படுத்து என் பக்கத்தில் ஊர்ந்து வந்தார்.

"இந்தாங்கண்ணே. மெதுவா விரல எடுங்க."

மறுநாள் கார் ஒழுங்காகப் போய்ச் சேர்ந்தது. மகள் பிறந்தாள்.

அதுவரை காக்கியைக் கண்டால் பூட்ஸையும் துப்பாக்கியையும் மட்டுமே பார்த்தவன் நான். அதன்பிறகு ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் முகத்தைப் பார்த்துச் சிரித்தேன். சிலர் முறைத்தார்கள். பரவாயில்லை, சிலர் சிரித்தார்கள்.