வாய்க்கால் ஓரத்துப் பச்சை

உறையிலிருந்து எடுத்த வரிநெல்லின் வால் விரலில் குத்தியது. யாரும் விதைக்காமல் முளைக்கும் காட்டு நெல் அது. அதன் மரபணுக்களும் நம் நெல்லின் மரபணுக்களும் எங்கள் ஆய்வகத் திரையில் அருகருகே இருந்தன. புகையான் பூச்சியைத் தாங்கும் மரபணு காட்டு நெல்லில் மட்டும்தான் இருந்தது.

எழுபதுகளில், கொல்லங்கோட்டில், புகையான் அடித்து எங்கள் வயல் முழுக்கத் தீய்ந்து நாறியது. வாய்க்கால் ஓரத்து வரிநெல் மட்டும் சாயவில்லை.

"இதுலதான் பூச்சி ஒண்டிக் கெடக்குது. வேரோட புடுங்குங்க," என்றார் அப்பா.

"ஏனுங்க, அது ஒண்ணுதானுங்க பச்சையா நிக்குது," என்றாள் அம்மா.

அப்பா காதில் வாங்கவில்லை. பிடுங்கிக் கொளுத்தினோம். மறுவருஷமும் புகையான் வந்தது. வயலை விற்றுவிட்டு, சாந்தன்பாறை ஏலத்தோட்டத்துக்குக் கூலியாகப் போன அப்பா அங்கேயே செத்தார்.

"உங்க ஊர்ல இந்த நெல் இன்னும் இருக்குமா மேடம்?" பக்கத்து மேசைக்காரர் கேட்டார்.

"இல்லை," என்றேன். கடைசித் தூரைப் பிடுங்கியவள் நான்தான்.