தாடிக்காரரின் ஐந்தாம் புத்தகம்

எனக்குப் பதினோரு வயது ஆகும்வரை எதிரி என்று யாரும் கிடையாது. அதன் பிறகு ஒருவர் வந்து சேர்ந்தார். இங்கிலாந்துக்காரர், நாவல் எழுதுகிறவர், செத்து நூறு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. அப்படியும் என்னுடைய சனிக்கிழமைகளை ஒன்று விடாமல் கெடுத்துவிட்டுத்தான் ஓய்ந்தார்.

அவரை எங்கள் வீட்டுக்குள் கொண்டுவந்தது சித்தி. அம்மாவின் தங்கை. திருவொற்றியூரில் எங்களுக்கு இருந்தது ஒரே அறை, ஒரு சமையலறை. அதற்குள் ஒரு நாள் காலையில், எண்ணூரிலிருந்து ஷேர் ஆட்டோவில், ஒரு துணிப்பையோடு வந்து இறங்கினாள். பத்து நாள் ரெஸ்ட் எடுக்க வந்திருக்கிறாள் என்று அம்மா என்னிடம் சொன்னாள். அந்தப் பத்து நாள் மூன்று மாதம் ஓடியது. என் பாய் அவளுக்குப் போயிற்று, நான் நைனாவுக்கும் பீரோவுக்கும் நடுவில் கிடந்தேன்.

அதைக்கூடப் பொறுத்துக்கொண்டிருப்பேன். சித்திக்கு இடது காது கேட்காது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எதைச் சொன்னாலும் முகத்தைத் திருப்பி வலது காதைக் காட்டுவாள், நான் மறுபடி முதலிலிருந்து சொல்லவேண்டும். கல்யாணத்தின்போது நன்றாகத்தானே கேட்டது, இப்போது என்ன ஆயிற்று என்று அம்மாவிடம் கேட்டேன். எண்ணூரில் கடற்காற்று அதிகம், அது காதில் அடித்துவிட்டது என்றாள். சித்தப்பாவும் அதே எண்ணூரில்தான் இருந்தார், ஒரு பட்டறையில் ஃபிட்டர் வேலை. அவர் காதை மட்டும் காற்று ஏன் விட்டுவைத்தது என்று கேட்க எனக்குத் தோன்றவில்லை.

சித்தி வெளியே போகக் கூடாது. போனால் நாலு பேர் கேட்பார்கள். அதனால் வாசகசாலைக்கு நான் போனேன். எங்கள் தெருமுனையில் மன்றத்துக்காரர்கள் நடத்திய வாசகசாலை அது. இரண்டு பெஞ்சு, ஒரு டேபிள் ஃபேன், மூன்று அலமாரி. யாரோ ஒரு ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர் இறக்கும்போது அந்த இங்கிலாந்துக்காரரின் தமிழ் மொழிபெயர்ப்புகள் ஏழையும் வாசகசாலைக்கே கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஒவ்வொன்றும் செங்கல் கனம். அட்டையில் மார்வரை தாடி வளர்த்த ஒருவர், ஏதோ நான் தப்புச் செய்துவிட்டதைப்போல் முறைத்துக்கொண்டிருப்பார். என் கார்டில் ஒரு தடவைக்கு ஒரு புத்தகம்தான் தருவார்கள். நான் எடுக்க நினைத்த படக்கதைகள் அலமாரியிலேயே கிடக்க, தாடிக்காரரை மார்போடு அணைத்துக்கொண்டு கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில் புகுந்து புகுந்து வீட்டுக்கு வருவேன்.

அந்த வாசகசாலையில் ஒரு பழக்கம் இருந்தது. பெயரேட்டில் கையெழுத்துப் போட சணல் கட்டிய பென்சில் ஒன்று தொங்கும். கையெழுத்துப் போட்ட கையோடு, திருப்பித் தரும் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் ஒரு அபிப்பிராயமும் எழுதிவிட்டுப் போவார்கள். சும்மா விடுவதாக இல்லை யாரும். முன்பே படித்து முடித்தவர்கள்கூடப் பெஞ்சில் உட்கார்ந்து கடைசிப் பக்கத்தைப் புரட்டிப் பதில் எழுதுவார்கள். ‘இருநூறு பக்கத்தில் முடித்திருக்கலாம்.’ ‘கதை அருமை, ஆனால் பனி பெய்துகொண்டே இருக்கிறது, படிக்கிற நமக்கு ஜலதோஷம் பிடிக்கும்.’ ‘மூன்று அத்தியாயமாக யாரும் சாப்பிடவில்லை.’ ஒரு டியூஷன் டீச்சர் மனித மனத்தின் ஆழம் என்று ஆரம்பித்துப் பக்கம் முழுக்க எழுதியிருந்தார். அதற்குக் கீழே ஒருவர், ‘டீச்சர், கடைசியில் பெரியவர் செத்துப்போவதை நீங்களே சொல்லிவிட்டீர்களே’ என்று அழாத குறையாக எழுதியிருந்தார்.

எல்லாப் புத்தகத்திலும் தவறாமல் எழுதுகிறவர் ஒருவர் இருந்தார். பெரிய பெரிய எழுத்து, பேசுகிற மாதிரியே எழுதுவார், பெயர் போடவேண்டிய இடத்தில் ‘விசைப்படகு’ என்று போடுவார். காசிமேட்டில் படகில் போகிறவராக இருக்கவேண்டும். மூன்றாம் புத்தகத்தில் ஒரு கப்பல் உடைகிறது. அதற்கு அவர், ‘அலை ஒடையற எடத்துல எவனாச்சும் நங்கூரம் போடுவானா? எய்தனவரு கடலுக்கே போனதில்ல’ என்று எழுதியிருந்தார். தாடிக்காரரை எனக்குப் பிறகு வெறுத்த ஒரே மனிதர் என்று அவர்மீது எனக்கு ஒரு மரியாதை உண்டானது. ஆனாலும் மனிதர் ஏழையும் படித்திருந்தார்.

சித்தி கதையைப் படிக்கும் முன் கடைசிப் பக்கத்தைத்தான் திறப்பாள். அதைப் படித்துத் தனியாகச் சிரிப்பாள். அவள் சிரித்தது அப்போது மட்டும்தான், எனக்கு நினைவிருக்கிறது. பிறகு அவளும் என் பென்சிலை வாங்கி எழுத ஆரம்பித்தாள். பொடி எழுத்தில் ஒரு வரி, இரண்டு வரி.

ஐந்தாம் புத்தகத்தில்தான் எல்லாம் கெட்டது. கதை இவ்வளவுதான். தானிய வியாபாரி ஒருவனின் மனைவி ஒரு பெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டைவிட்டுப் போகிறாள். நானூறு பக்கம் துணி தைத்துப் பிழைக்கிறாள். கடைசியில் அவன் திருந்திவிட்டேன் என்று கடிதம் போடுகிறான், இவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் போகிறாள், அதோடு முற்றும். சித்தி இதை இரண்டு தடவை படித்தாள். படித்துவிட்டுக் கடைசிப் பக்கத்தில், ‘அவள் திரும்பிப் போனது சரியா? படித்தவர்கள் சொல்லுங்கள்’ என்று எழுதி என்னிடம் கொடுத்தாள். கொண்டுபோய்க் கொடுத்துவிடு, இரண்டு வாரம் கழித்து இதையே மறுபடி எடுத்து வா என்றாள்.

எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை. ஆறாம் புத்தகம், ஏழாம் புத்தகம் முடிந்தால் விடுதலை என்று நாள் எண்ணிக்கொண்டிருந்தவள் நான். படித்த புத்தகத்தையே எதற்கு மறுபடி எடுக்கவேண்டும்? அந்தம்மா போனால் என்ன, வந்தால் என்ன? அவளும் செத்து நூறு வருடம் ஆகியிருக்கும்.

அதே நாட்களில் வீட்டில் வேறு பேச்சு நடந்துகொண்டிருந்தது. சித்தப்பா நைனாவின் செல்போனுக்குக் கூப்பிட்டிருந்தார். வீட்டில் அது ஒன்றுதான் போன், அதுவும் நைனாவின் சட்டைப்பையில் இருக்கும். நைனா ஹார்பரில் ஷிஃப்ட் முடிந்து வந்து, லுங்கி மாற்றிக்கொண்டு, சுவரைப் பார்த்துச் சொன்னார்.

“ஞாயித்துக்கெழம வராராம். இனிமே அப்டி நடக்காதுன்னு சொல்லிக்கீறாரு. நாம இன்னா பண்ண முடியும்?”

“எத்தினி நாளிக்கு இங்கியே கெடப்ப?” என்றாள் அம்மா, தங்கையைப் பார்க்காமல் அரிசி களைந்துகொண்டே. “போறியா இல்லியா, ஒண்ணு சொல்லு.”

சித்தி வலது காதைக் காட்டிக் கேட்டுக்கொண்டாள். “சனிக்கெழம சொல்றேன்கா” என்றாள்.

அவள் போனால் என் பாய் எனக்கு, என் கார்டு எனக்கு. போய்விடவேண்டும் என்று நான் மனதுக்குள் வேண்டிக்கொண்டேன். மறைப்பானேன்.

சனிக்கிழமை மதியம் வாசகசாலைக்குப் போனபோது அங்கே அமளியாக இருந்தது. மறுநாள் ஹெட்மாஸ்டரின் மகன் அப்பா கொடுத்த புத்தகங்களைப் பார்க்க வருகிறாராம். வாசகசாலையைப் பார்த்துக்கொள்கிற அண்ணன் ஏழு புத்தகத்தையும் மேஜைமேல் அடுக்கி வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றின் கடைசிப் பக்கமாக அழித்துக்கொண்டிருந்தார். வியர்வை மூக்கில் வந்து நின்றது. நான் ஐந்தாம் புத்தகத்தைக் கேட்டதும் அதைத் தூக்கி என் முன்னால் போட்டார்.

“இது இன்னா புக்கா, பள்ளிக்கூடத்து நோட்டா? ஆளாளுக்குக் கிறுக்கி வச்சிக்கீறாங்க. இத்த நீயே அழிச்சிட்டு எட்த்துனு போ. நாளிக்குக் காலைலியே கொண்டாந்துடணும். இல்லாட்டி கார்டைக் குட்த்துடு.”

என் பாக்ஸில் ஸ்ட்ராபெரி வாசனை ரப்பர் ஒன்று இருந்தது. பிறந்தநாளுக்கு வாங்கியது, அதுவரை ஒரு எழுத்துக்கூட அழித்ததில்லை, எடுத்து எடுத்து முகர்ந்து பார்ப்பதோடு சரி. அதை எடுத்தேன். சித்தியின் கேள்விக்குக் கீழே ஐந்து பேர் எழுதியிருந்தார்கள். டீச்சர் எழுதியிருந்தார். ஜலதோஷக்காரர் எழுதியிருந்தார். அதுவரை பார்த்திராத இரண்டு கையெழுத்து. கடைசியாக விசைப்படகு. அழிப்பதற்கு முன்னால் ஒவ்வொன்றையும் படித்தேன். ஐந்து பேரும் ஒரே பதில்தான் எழுதியிருந்தார்கள், போயிருக்கக் கூடாது என்று. ஒருவர் சொன்னால் போதாதா, ஐந்து பேர் எழுதி என் ரப்பரைத் தேய்க்கவேண்டுமா என்று ஆத்திரம் வந்தது. நாக்கைக் கடித்துக்கொண்டு அழுத்தி அழுத்தி அழித்தேன். சித்தியின் கேள்வியையும் சேர்த்துத்தான். பாதி ரப்பர் போயிற்று. அண்ணன் பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கெட்டிக்காரி என்றார்.

வீட்டுக்கு வந்தபோது சித்தி வாசலுக்கு உள்ளேயே நின்றிருந்தாள். புத்தகத்தை என் கையிலிருந்து பிடுங்காத குறையாக வாங்கிக் கடைசிப் பக்கத்தைத் திறந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு பக்கத்தை முகத்துக்குக் கிட்டே கொண்டுபோய் முகர்ந்தாள்.

“அழிச்சியா?”

“அந்தண்ணன்தான் அழிக்கச் சொன்னாரு. நீ எழுதினத அழிச்சேன்.”

“வேற யாரும் ஒண்ணும் எழுதலியா?”

எழுதியிருந்தார்கள் என்று சொன்னால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். யார் யார், என்ன என்ன என்று ஒவ்வொன்றாகக் கேட்பாள். வலது காதைக் காட்டுவாள். ஐந்து பதிலையும் இரண்டு இரண்டு தடவை நான் கத்திச் சொல்லவேண்டும். ஏன் அழித்தாய் என்று அழுதாலும் அழுவாள். டிவியில் எனக்குப் பிடித்த நிகழ்ச்சி அப்போதுதான் ஆரம்பித்திருந்தது.

“இல்ல சித்தி. இந்த புக்க யாரு படிப்பா?” என்றேன். அதைச் சொல்லும்போது கூட அவள் முகத்தைத் திருப்பினாள், நான் மறுபடி சொல்லவேண்டியிருந்தது. அந்தப் பொய்யை மட்டும் இரண்டு தடவை சொன்னேன்.

சித்தி புத்தகத்தை மூடி, தாடிக்காரரின் முகத்தைக் கையால் துடைத்து, டிவி மேல் வைத்தாள். சமையலறைக்குப் போய் அம்மாவிடம் ஏதோ சொன்னாள். அம்மா அடுப்பை அணைத்துவிட்டு வந்து அவள் தலையைக் கோதிவிட்டது எனக்குத் தெரிந்தது. நைனா சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே சித்தப்பா மல்லிகைப்பூவும் ஸ்வீட் பாக்ஸுமாக வந்தார். என் கன்னத்தைத் தட்டினார். சித்தி அதே துணிப்பையை மடியில் வைத்துக்கொண்டு ஷேர் ஆட்டோவில் உட்கார்ந்தாள், இடது பக்கம் அவர். நான் வாசகசாலைக்கு ஓடினேன். புத்தகத்தைக் கொடுத்துவிட்டு, மூன்று மாதமாகக் காத்திருந்த படக்கதையை எடுத்து வந்து, என் பாயில் மல்லாந்து படுத்துப் படித்தேன். அவ்வளவு சந்தோஷமான ஞாயிற்றுக்கிழமை எனக்கு அதற்கு முன் வாய்த்ததில்லை.

சித்தி மறுபடி வந்தது இரண்டு வருடம் கழித்து. வந்தவள் திரும்பிப் போகவில்லை, யாரும் போகச் சொல்லவும் இல்லை. இப்போது மணலியில் ஒரு கம்பெனி கேன்டீனைப் பார்த்துக்கொள்கிறாள், என்னைவிட நன்றாகச் சிரிக்கிறாள். அவளிடம் பேசும்போது நான் நேர் எதிரே உட்கார்ந்துகொள்ளவேண்டும், உதட்டைப் பார்த்துத்தான் புரிந்துகொள்வாள். வலது காதும் போய்விட்டது.

நான் அழித்த ஐந்தில் நான்கு மறந்துவிட்டன. விசைப்படகு எழுதியது மட்டும் அந்தப் பெரிய எழுத்தோடு அப்படியே இருக்கிறது. ‘போவாதன்னு யாராச்சும் ஒருத்தர் சொல்லியிருந்தா அந்தம்மா போயிருக்காது. அந்த ஊர்ல ஒரு ஆளு கூடவா இல்ல?’ மனிதர் இங்கிலாந்தைப் பற்றித்தான் கேட்கிறார் என்று நினைத்துக்கொண்டு, அதை அழிக்கத்தான் நான் ரப்பரைத் திருப்பிப் பிடித்து, தேயாத பக்கத்தை உபயோகித்தேன்.