வேற்றாள் இருக்கும் வரை

பாலம்மாளுக்குப் பொய் சொல்ல வராது என்று முள்ளிக்காட்டுப்பட்டியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பசுவந்தனைக்குக் கிழக்கே, பஸ் நிற்கும் இடத்திலிருந்து கரிசலில் கால் புதையப் புதைய நடந்து போக வேண்டிய ஊர் அது. அங்கே அவள் வாயைத் திறப்பதே அபூர்வம். காட்டு வேலை, மாட்டு வேலை, வீட்டு வேலை என்று தலை குனிந்து உழைக்கிற பெண். அப்படிப்பட்டவள் எழுபத்தொன்பதாம் வருஷம் மாசியில் தொடங்கி ஆடி வரைக்கும் அளந்து விட்ட பொய்கள் கொஞ்சநஞ்சமல்ல. அதில் பாதி மெட்ராஸ் காலேஜில் புத்தகமாகவே ஏறிவிட்டதாம். படித்தவர்கள் அதை வாசித்துத் தலையாட்டியும் இருப்பார்கள்.

கருத்தையா அவளுக்கு மாமனார் மட்டுமல்ல, தாய்மாமனும் கூட. பிரசவத்தில் தங்கச்சி போய்ச் சேர்ந்ததும், அந்தப் பச்சைப் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து வளர்த்தவர். வளர்ந்த பிறகு வேறு வீட்டுக்கு அனுப்ப மனமில்லாமல் மூத்த மகன் வன்னியபெருமாளுக்கே கட்டி வைத்தார். அம்மா என்று யாரையும் கூப்பிட்டறியாத பாலம்மாளுக்கு எல்லாமே மாமாதான். அந்த மாமா தை மாதம் பருத்திக் காட்டில் வரப்பு தடுக்கி விழுந்து இடுப்பு முறிந்தார். கோவில்பட்டியில் காட்டியதற்கு, இந்த வயசுக்கு எலும்பு கூடாது, வீட்டில் வைத்துப் பாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். உடம்புதான் கட்டிலோடு கிடந்தது. புத்தி பழையபடி தெளிவாகவே இருந்தது, அதுதான் கொடுமை.

ஒருநாள் சாயங்காலம் இளையவன் ராமசுப்பு காட்டிலிருந்து வந்தான். துண்டு முனையில் முடிந்து வைத்திருந்ததை அவிழ்த்து மாடக்குழியில் வைத்தான். ஒரு பிடி கரிசல் மண். அது எதற்கென்று பாலம்மாளுக்குத் தெரியும். மண்ணாசையில் உயிர் போகாமல் இழுத்துக்கொண்டு கிடப்பவர்களுக்குச் சொந்தக் காட்டு மண்ணைக் கரைத்து வாயில் விடுவார்கள். அதற்கும் அசையவில்லை என்றால் அடுத்தது எண்ணெய்.

அந்த எண்ணெய்க்கு அந்தப் பக்கத்தில் யாரும் பேர் வைத்துப் பேசுவதில்லை. தலைக்கு ஊத்தியாச்சா என்று மட்டும் கேட்பார்கள். விடியக்காலையில் கிடக்கிறவரை உட்காரவைத்துப் பிள்ளைகள் எல்லாரும் தலையில் எண்ணெய் வைத்து, பச்சைத் தண்ணீரைக் குடம் குடமாக ஊற்றி, இளநீரும் கொடுப்பார்கள். அதற்குப் பிறகு காய்ச்சல் வரும். அதற்குப் பிறகு சங்குச் சத்தம் கேட்கும். கொலை என்று ஒருத்தர் வாயிலும் வராது. வன்னியபெருமாள் ஒன்றும் ராட்சசன் இல்லை. தகப்பனுக்கு முதுகு புண்ணாகிப் போனதைப் பார்த்துவிட்டு மாட்டுத் தொழுவில் போய் அழுதவன்தான். ஆனால் இவ்வளவு கிடந்து சீரழிவதற்குப் போய்ச் சேர்ந்தால் நல்லது என்று அவன் மனசார நம்பினான். ஊரும் நம்பியது.

அந்த வழக்கத்துக்கு ஒரே ஒரு தடை இருந்தது. வீட்டில் வேற்றாள் தங்கி, அந்த வீட்டுச் சோற்றைத் தின்றுகொண்டிருக்கும்போது தலைக்கு ஊற்றக் கூடாது. பிரிகிற உயிர் வழி தெரியாமல் வேற்றாள் பின்னாலேயே போய்விடும், வீட்டுச் சாமியாக நிற்காது, பின்னால் பிறக்கிற பிள்ளைகளை யார் காப்பது என்பார்கள்.

மண் வந்து இறங்கிய அதே வாரத்தில்தான் எட்வர்ட் வந்து இறங்கினான். மெட்ராஸில் மானிடவியல் படித்து, அதையே சொல்லிக்கொடுக்கவும் போகிற வாலிபன். மனுஷன் எப்படி மனுஷன் ஆனான், எந்த ஊரில் யாரை என்ன முறை சொல்லிக் கூப்பிடுகிறான், எதைச் சாமி என்கிறான், எதைத் தீட்டு என்கிறான் என்று கேட்டுக் கேட்டு டேப் ரிக்கார்டரில் பிடிப்பது அவன் வேலை. ஊர்ப் பெரியவர்கள் சொன்னதால் பருத்தி போட்டுவைக்கிற அறையை அவனுக்கு ஒழித்துக் கொடுத்தார்கள். பத்துப் பதினைந்து நாளில் போய்விடுவான் என்று அண்ணனும் தம்பியும் பொறுத்துக்கொண்டார்கள்.

அவன் வைத்திருந்த ஒரு புத்தகத்தில் படம் இருந்தது. குரங்கு மாதிரிக் குனிந்து நடந்த ஒன்று, கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்து கடைசியில் மனுஷனாக நிற்கிற படம். அதைக் கருத்தையாவிடம் கொண்டுபோய்க் காட்டினான்.

கிழவர் வெகுநேரம் பார்த்தார். "நிமிந்தது வரைக்கும் எழுதியிருக்காவ. அதுக்கப்புறம் சுருங்குனதை எழுதலையே தம்பி?"

"சுருங்குறதா?"

"முன்னாடி மனுசனுக்குச் சாவே கெடையாது. மூப்பு முத்த முத்தச் சுருங்கிக்கிட்டே வந்து மாடக்குழிக்குள்ள வைக்கிற அளவுக்கு ஆயிருவான். பூனை கவ்விட்டுப் போயிரும்னு தாழியில வச்சு மண்ணுக்குள்ள எறக்குனாவ. மேகாட்டுல உழுதா இன்னும் தாழி தட்டும். ஆனா ஒண்ணு, பக்கத்துல சோறும் வெளக்கும் வச்சுத்தான் மூடுனாவ." சொல்லிவிட்டு மகன்கள் இரண்டு பேரையும் ஏறிட்டுப் பார்த்தார். அவர்கள் தரையைப் பார்த்தார்கள்.

எட்வர்டுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். பாலம்மாளுக்கு அன்றைக்குத்தான் ஒரு விஷயம் உறைத்தது. கதை இருக்கிற வரைக்கும் இவன் இருப்பான். இவன் இருக்கிற வரைக்கும் மாமா இருப்பார்.

அவனிடம் உண்மையையே சொல்லியிருக்கலாமே என்று கேட்கலாம். சொன்னால் போலீஸ் வரும். கட்டியவனும் கொழுந்தனும் கையில் விலங்கோடு பசுவந்தனை ரோட்டில் நடப்பார்கள். அதையும் அவளால் தாங்க முடியாது. ஆகவே வாயில் விரல் விட்டாலும் கடிக்கத் தெரியாதவள் என்று பேர் வாங்கியிருந்த பாலம்மாள், பொய் சொல்லத் தொடங்கினாள்.

அவன் மூட்டை கட்டும்போதெல்லாம் ஒன்றை எடுத்து விடுவாள். பருத்தியில் முதல் பூ பூத்தால் சமைந்த பிள்ளைக்குச் செய்கிற மாதிரி தண்ணீர் ஊற்றித் தீட்டுக் கழிப்போம் என்றாள். மழை பொய்த்த வருஷம் மருமகள்கள் மாமியார் பேரை மண்ணில் எழுதி மிதிப்போம் என்றாள். அதைச் சொல்லும்போது அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். வெட்கப்படுகிறாள் என்று அவன் அதையும் எழுதிக்கொண்டான். பங்குனி போயிற்று, சித்திரை போயிற்று, வைகாசி வெயிலில் கரிசல் பாளம் பாளமாக வெடித்தது. அவன் போகவில்லை.

காலையில் கண் விழித்ததும் கருத்தையா கேட்பார். "ஏட்டி பாலம்மா, அந்தத் தம்பி இருக்காவளா?"

"இருக்காவ மாமா. கூழு கேட்டாவ."

"அப்பம் எனக்குக் கஞ்சியக் கொண்டா."

அவர் அதற்குமேல் ஒன்றும் கேட்கமாட்டார். அவளும் சொல்லமாட்டாள். கஞ்சி உள்ளே இறங்குகிறதைப் பார்த்துக்கொண்டே நிற்பாள். அன்றைய பொழுது அவளுக்கு அதுவே போதும்.

ஆனி கழிந்ததும் வன்னியபெருமாள் முணுமுணுக்க ஆரம்பித்தான். "இந்த ஆளு எப்பம்ட்டி போவான்? வெதைப்பு வருது. நீயும் காட்டுக்கு வரணும். இங்கன யாரு உக்காந்து பாக்கது?" மாடக்குழியில் மண் காய்ந்து கட்டியாகிக் கிடந்தது. தினமும் விளக்கேற்றும்போது அவள் கண் அதில்தான் போய் விழும். எடுத்து வீசவும் கை வராது, வைத்துப் பார்க்கவும் மனம் தாங்காது.

ஆடியில் எட்வர்ட் உறுதியாகச் சொல்லிவிட்டான். "காலேஜ் திறந்தாச்சுங்க. இனிமே இருக்க முடியாது. நாளைக்குக் கிளம்புறேன்."

 பாலம்மாள் கைவசம் இருந்த பொய்யெல்லாம் தீர்ந்துபோயிருந்தது. அடுப்பில் கம்பங்கூழ் கொதித்துக்கொண்டிருந்தது. அதையே பார்த்தபடி, நாக்கில் வந்ததைச் சொன்னாள்.

"பெரிய விசயத்தைப் பாக்காமப் போறீங்களே. வேத்தாளைப் பங்காளியாச் சேக்குற சடங்கு ஒண்ணு இருக்கு. வீட்டு ஆம்பளைக எல்லாம் ஒரே சட்டியில கூழு வச்சு, சொந்தக் காட்டு மண்ணு ஒரு சிட்டிகை போட்டுத் திங்கணும். மூத்தவன் கையால ஊட்டணும். தின்னுட்டா அப்புறம் ஒரே ரத்தம்தான். நம்ம ஊருல எந்த வீட்டுலயாச்சும் நடக்கும், ஆவணி வரைக்கும் இருந்தாப் பாத்துட்டுப் போலாம்."

எட்வர்டின் முகம் விளக்குப் போட்டது போல் ஆயிற்று. இத்தனை மாதம் எல்லாவற்றையும் வெளியே நின்று பார்த்தவன் அவன். உள்ளே ஒரு கதவு இருக்கிறது என்று இப்போதுதான் கேள்விப்படுகிறான். நேரே தொழுவுக்குப் போனான். பாலம்மாள் கரண்டியோடு பின்னால் ஓடினாள். அதற்குள் கேட்டுவிட்டான்.

"அண்ணாச்சி, என்னைப் பங்காளியா சேர்த்துப்பீங்களா? கூழும் மண்ணும் சாப்பிடுற சடங்கு இருக்காமே."

வன்னியபெருமாள் மாட்டுக்குக் காய்ந்த சோள நாற்று உதறிக்கொண்டிருந்தான். கை நின்றது. மெதுவாகத் திரும்பிப் பெண்டாட்டியைப் பார்த்தான். மாசியிலிருந்து நடந்தது அத்தனையும் அந்த ஒரு பார்வையில் அவனுக்கு விளங்கிவிட்டது. கோபப்படுவான் என்று அவள் நினைத்தாள். அவன் சிரித்தான்.

"செஞ்சிருவோம் தம்பி. அதுக்கு என்ன? ஊரையே கூப்பிட்டுச் செஞ்சிருவோம்."

செய்தார்கள். குலசாமிக்கு முன்னால் மண்சட்டி வைத்து, மாடக்குழியில் இருந்த அதே மண்ணைக் கிள்ளிப் போட்டு, வன்னியபெருமாள் ஊட்டினான், எட்வர்ட் கண் கலங்கத் தின்றான். அப்படி ஒரு சடங்கை ஊரில் யாரும் கண்டதில்லை. ஆனால் இலை போட்டுச் சாப்பாடும் இருந்ததால், எங்க தாத்தா காலத்தில் நடந்திருக்கு என்று சொல்ல இரண்டு பெருசுகளும் கிடைத்தார்கள். அதுவரை ஏங்க, ஏங்க என்று இழுத்துக்கொண்டிருந்தவன் அன்று சாயங்காலம் பாலம்மாளை "அண்ணி" என்று வாய் நிறையக் கூப்பிட்டான். அவளுக்கு நெஞ்சில் அம்மியைத் தூக்கி வைத்தது போல் இருந்தது.

மறுநாள் கிழக்கு வெளுக்கும்போதே முற்றத்தில் குடங்கள் வரிசையாக நின்றன. ராமசுப்பு தகப்பனைத் தூக்கி வந்து மணையில் உட்காரவைத்துத் தோளைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். இளநீர் சீவி வைத்தாகிவிட்டது. வேட்டி கட்டி, சட்டையில்லாமல், கையில் எண்ணெய்க் கிண்ணத்தோடு எட்வர்ட் நின்றான். கடைசித் தம்பிதான் முதலில் வைக்க வேண்டும் என்று சொல்லி அவன் கையில் கொடுத்திருந்தார்கள்.

"இது என்ன சடங்கு அண்ணி? இதை நீங்க எனக்குச் சொல்லவே இல்லையே."

பாலம்மாளுக்கு என்ன வந்ததோ தெரியாது. முற்றத்து நடுவில் போய் மாமாவுக்கு முன்னால் கையை விரித்து நின்றாள்.

"நிப்பாட்டுங்க! நேத்துச் செஞ்ச சடங்கு பூரா பொய்யி. எந்தக் காலத்திலயும் அப்படி ஒண்ணு கெடையாது. நான்தான் கட்டிவிட்டேன். இவிய வேத்தாளு. வேத்தாளை வச்சுக்கிட்டு மாமாவுக்கு ஊத்தாதீங்க!"

"எனக்குத் தெரியும்ட்டி," என்றான் வன்னியபெருமாள். குரல் உயரவே இல்லை. "எங்கய்யாவுக்குத் தெரியாத வழக்கத்தை நீ எங்கன கண்ட? ஆனா சாமி முன்னால மண்ணைத் தின்னாச்சு. ஊரு உக்காந்து சாப்பிட்டாச்சு. இனிமே அது எப்படிப் பொய்யாவும்?"

அவள் எட்வர்ட் பக்கம் திரும்பினாள். "தம்பி, இந்தக் குளிப்புல மாமா செத்துப்போவாவ. அதுக்குத்தான் ஊத்துதாவ. 'நான் இந்த வீட்டாளு இல்லை'ன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க. அது போதும். உங்க காலுல விழுதேன்."

எட்வர்டின் கையில் கிண்ணம் சாய்ந்து எண்ணெய் வேட்டியில் சிந்தியது. அண்ணன்மார் இருவரையும் பார்த்தான், கிழவரைப் பார்த்தான். அவனுக்கு விளங்காமல் இல்லை. விளங்கியது அவன் கண்ணிலேயே தெரிந்தது. 

"நாங்க... பார்க்க மட்டும்தான் வர்றோம். ஒரு ஊரோட வழக்கத்துல நான் தலையிடக் கூடாது அண்ணி."

"அண்ணிங்காவ. கேட்டியா?" என்றான் வன்னியபெருமாள். எட்வர்டின் மணிக்கட்டைப் பிடித்தான், முரட்டுத்தனமாக அல்ல, கூடப்பிறந்தவனைப் பிடிக்கிற மாதிரி. அந்தக் கையை எண்ணெயில் தோய்த்துத் தகப்பன் உச்சந்தலையில் வைத்தான்.

கருத்தையா எட்வர்டைப் பார்க்கவில்லை. மகன்களையும் பார்க்கவில்லை. "இம்புட்டு நாளும் நீயாட்டி அந்தத் தம்பியைப் பிடிச்சு வச்சிருந்த?" என்று பாலம்மாளிடம் கேட்டார்.  அவள் ஆமென்று தலையசைத்தாள். முதல் குடத்தைச் சாய்த்தார்கள்.

அந்த வாரம் தாண்டவில்லை. எட்வர்ட் காரியம் முடிகிற வரைக்கும் இருந்தான். மொட்டையும் போட்டுக்கொண்டான். போகும்போது அவளிடம் சொல்லிக்கொள்ள வந்தான். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு பாலம்மாள் பழையபடி பேசாதவள் ஆனாள். காட்டுக்குப் போனாள், வந்தாள், பொங்கினாள்.

மறு வருஷம் கோடையில் மேலத்தெரு சொர்ணத்தாய் அவளைத் தேடி வந்தாள். சொர்ணத்தாய் வீட்டில் மாமியார் கிடையாகக் கிடந்தாள். அதே வீட்டின் முன்னறையில் ஒரு வாத்தியார் குடியிருந்தார்.

"யக்கா, வாத்தியாரைப் பங்காளியாச் சேத்துரலாம்னு எங்க வீட்டுல சொல்லுதாவ. மொற தெரிஞ்சவ நீதான். மண்ணு கூழுக்கு முந்திப் போடணுமா, பிந்திப் போடணுமா?"

பாலம்மாள் மாவிடிப்பதை நிறுத்தினாள். உலக்கையைப் பிடித்துக்கொண்டு, "அது பொய்யிட்டி. அப்படி ஒரு மொறையே கெடையாது. நான் கட்டிவிட்டது," என்றாள்.

சொர்ணத்தாய் சிரித்துவிட்டாள். "போக்கா. பொய்யின்னா உங்க மாமா எப்படிப் போனாவ?"

பதிலுக்காக அவள் நடையிலேயே உட்கார்ந்திருந்தாள்.