வாளியோடு வந்த ரசிகர்கள்

வேலை நேரத்துக்கு ஊதும் ஃபெக்டரிச் சங்கு பல வருடங்களாக ஊதாததால் செத்துப்போயிருக்கும் என்றுதான் நான் நம்பினேன். போன வருடம், நோர்வூட் பக்கம் எங்கள் தோட்டத்தில், ஒரு ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் அந்த நம்பிக்கை என்னைக் கவிழ்த்தது.

மூடிக் கிடந்த தேயிலை ஃபெக்டரியைக் கலைக்கூடமாக்க ஆறு மாதம் மல்லுக்கட்டி, மேடை போட்டு, நாற்பது நாற்காலியும் அடுக்கிவிட்டோம். தோட்டத்தை நிர்வகிக்கும் தொரை ஒரே ஒரு நிபந்தனை வைத்திருந்தார். முதல் நாள் கூத்துக்கு ஆள் வராவிட்டால், கட்டடம் உர ஸ்டோராகிவிடும்.

மூன்று மணிக்குக் கூத்து. மூன்றரைக்கும் தொரையும் அவருடைய டிரைவரும் மட்டும்தான் உட்கார்ந்திருந்தார்கள். வேஷம் கட்டியவர்கள் முகம் வாடிப்போனது. அவர்களைச் சிரிக்கவைக்கலாமென்று பழைய சங்கின் கைப்பிடியில் கை வைத்தேன்.

"அண்ணே, அதத் தொடாதீங்க," என்றார் தப்பு அடிப்பவர்.

"இது செத்து வருசமாச்சுப்பா," என்று கைப்பிடியை இழுத்தேன்.

மேடை விளக்குக்காக அன்று காலையில்தான் மின்சாரம் கொடுத்திருந்தார்கள். சங்கு மலையே அதிர ஊதியது. நிறுத்தப் போனால் கைப்பிடி கழன்று கையோடு வந்தது. டிரைவர் ஓடிப்போய் மெயினை அணைப்பதற்குள் காரியம் கெட்டுவிட்டது.

எங்கள் பக்கம் நேரங்கெட்ட நேரத்தில் சங்கு ஊதினால், தொழிலாளர் குடியிருக்கும் லயத்தில் தீ, இல்லாவிட்டால் மண்சரிவு. ஜன்னலில் பார்த்தால், வாளியும் மண்வெட்டியுமாக நாலு பக்கமும் ஜனம் ஓடி வருகிறது. வீரனாகிய நான் கைப்பிடியைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு, தேயிலை காயவைக்கும் பழைய அடுப்புக்குள் புகுந்தேன். ஐம்பது வயது, தொண்ணூறு கிலோ. பாதிதான் உள்ளே போனது.

மீதிப் பாதியைப் பிடித்து வெளியே இழுத்தவர், கொழுந்து பறிப்பவர்களை மேய்க்கும் எங்கள் கங்காணியக்கா.

"எங்கய்யா தீ?"

"தீ இல்லக்கா."

"மண்ணு சரிஞ்சிருச்சா?"

"இல்லக்கா. கூத்துக்கு ஆளு வரல."

அந்த நேரம் பார்த்து, சட்டைக்குள்ளிருந்த கைப்பிடி தொப்பென்று கீழே விழுந்தது. அக்கா அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"சோத்துல வச்ச கையோட ஓடியாறேன். லயம் லயமா வந்து ஒரு வார்த்த கூப்பிட்டிருந்தா வந்திருப்போம்ல? செவுத்துல நோட்டீஸ் ஒட்டுனா ஆச்சா?"

எல்லார் முன்னும் கையெடுத்துக் கும்பிட்டு மன்னிப்புக் கேட்டேன். அக்கா மேடையைப் பார்த்தார். பிறகு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சரி, ஆடுங்க. ஓடி வந்ததுக்குப் பாத்துட்டுப் போறோம்."

அவர்களைப் பதறவைத்ததை நினைத்தால் இன்றும் எனக்குக் காது சுடுகிறது. ஒவ்வொரு கூத்துக்கும் வெற்றிலைத் தட்டோடு லயம் லயமாக நானே போய்க் கூப்பிடுகிறேன். சங்கின் வயரை அன்றைக்கே வெட்டிவிட்டார்கள். உரம் வேறு கொட்டகைக்குப் போனது. அன்று நாற்பது நாற்காலியும் நிறைந்து, மற்றவர்களெல்லாம் கவிழ்த்த வாளிகளில் உட்கார்ந்துதான் கூத்துப் பார்த்தார்கள்.