நாற்காலியில் ஒரு கிளாரினெட்

வாசகரே, உங்களைச் சாட்சிக் கூண்டில் ஏற்றிய பின்புதான் பேசத் தொடங்குகிறேன். குற்றம் என்னுடையதா, கணினியுடையதா என்பதை நீங்களே சொல்லுங்கள்.

குமணன்சாவடிப் பல் மருத்துவமனை ஒன்றில் பல் சுத்தம் செய்யும் ஹைஜீனிஸ்ட் நான். கல்லூரி மேடைகளில் எதிரணியைத் திணறடித்தவன். இந்தத் தொழிலில் வசதி இன்னும் அதிகம்: கேட்பவர் வாயைத் திறந்தபடி படுத்திருப்பார், மறுத்துப் பேச வழியே இல்லை.

அப்படிப் படுத்தவர்தான் பேண்டு செட்டில் கிளாரினெட் வாசிக்கும் ஏழுமலை அண்ணன். அவருடைய மேல் முன்பல்லை டாக்டரம்மா இருமுறை அடைத்தும், அடைத்த ஓரத்திலேயே மீண்டும் சொத்தை. "இன்னொரு தடவை இப்படி ஆனா பல்ல எடுத்துத்தான் ஆகணும்" என்று சொல்லிவிட்டார். கிளாரினெட்டின் முனை அந்தப் பல்லில்தான் பதியும். பல் போனால் பிழைப்பும் போகும்.

பேனா அளவுக் கேமராவை வாய்க்குள் விட்டேன். புதிதாக வாங்கிய மென்பொருள் திரையில் அந்தப் பல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டமிட்டு, 'இனிப்பைக் குறைக்கவும்' என்றது. எனக்கு அது போதாதா? இனிப்பின் கேடுகளை மூன்று பிரிவுகளாக வகுத்து முழங்கினேன். நடுவே அவர் இருமுறை கையை உயர்த்தினார். ஆமோதிக்கிறார் என்று எடுத்துக்கொண்டேன்.

எழுந்து வாயைக் கொப்பளித்தார்.

"இன்னா நைனா, எலெக்சன்ல நிக்கப் போறியா? கைய தூக்கி தூக்கி காட்றேன், மூச்சே உடமாட்டேங்கிற. நான் டீக்கே சக்கர போடறதில்ல!"

"மெஷின் சொல்லுதே அண்ணே."

"நான் ஊதி உன் மெஷினு பாத்துகீதா? நீ பாத்துகிறியா?"

வாசலில் நின்ற டாக்டரம்மா சிரித்தார். "நியாயமான கேள்விதான். அண்ணே, அடுத்த வாரம் கிளாரினெட்டோட வாங்க."

வந்தார். நாற்காலியில் அமர்ந்தபடியே கல்யாண ஊர்வல மெட்டு ஒன்றை எடுத்தார். வெளியே காத்திருந்த அம்மாள் ஒருவர் குரல் கொடுத்தார்: "பல்லு புடுங்கறதுக்கு மேளதாளம் வேறயாப்பா?"

மெட்டு முடிந்தது. அடுத்ததைத் தொடங்குமுன் ஏழுமலை அண்ணன் சட்டைப்பையிலிருந்து வெள்ளைக் கட்டி ஒன்றை எடுத்து, மேலுதட்டுக்குள், அதே முன்பல்லை ஒட்டிச் செருகிக்கொண்டார்.

"அண்ணே, அது என்ன?"

"கல்கண்டு. ஊத ஊத வாய் காஞ்சி பூடும்ல."

"ஊர்வலம் முழுக்கவா?"

"முயுக்க. இத்த யாரு நைனா இனிப்புல சேத்தது? தொண்டைக்கு மருந்து!"

டாக்டரம்மா அன்றே பல்லை அடைத்தார். ஏழுமலை அண்ணனுக்கென்றே ஒரு திட்டமும் போட்டோம்: கற்கண்டு இருந்த சட்டைப்பையில் சின்னத் தண்ணீர் பாட்டில், ஊர்வலம் முடிந்து வீடு சேர்ந்ததும், படுக்குமுன் பல் துலக்கல்.

சில மாதங்கள் கழித்து மீண்டும் கேமராவை விட்டேன். சிவப்பு வட்டம் எழவில்லை.

"பல்லு தப்பிச்சிதா?"

"தப்பிச்சுது அண்ணே."

"அப்ப வெளிய குந்திகினு கீற சனத்துக்கும் கேக்கற மாதிரி ஒரு வாக்கு குடு. உனுக்குத்தான் மைக்கே வாணாமே!"

நிமிர்ந்து நின்றேன். தொண்டையைச் செருமிக்கொண்டு, வரவேற்பறை வரை ஒலிக்கச் சொன்னேன்:

"இனிமே இந்த நாற்காலியில யார் கைய தூக்கினாலும், அந்த நிமிஷமே என் பேச்ச நிறுத்திடுவேன்!"